அம்மாவுக்கு வைத்த சுவரொட்டி

சுவரொட்டி என்றால் சுவரில் ஒட்டுகிற காகிதம் என்று எனக்கு ஐந்தாம் வகுப்பில்தான் தெரியவந்தது. வகுப்பில் உரக்கப் படித்தபோது பாடத்தில் அந்தச் சொல்லைக் கண்டதும் பயந்து, அதை மட்டும் விட்டுவிட்டு மேலே படித்தேன். டீச்சர் என் கண்ணைச் சோதிக்கச் சொல்லி வீட்டுக்குச் சொல்லியனுப்பினார். என் கண்ணில் ஒரு குறையும் இல்லை. எங்கள் வீட்டில் சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். உள்ளங்கை நீளத்தில், கருஞ்சிவப்பாக, ஒரு நாக்கைப் போல இருக்கும். ரத்தம் குறைந்தவர்கள் அதைச் சுட்டுத் தின்றால் ரத்தம் ஊறும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான் உண்டு.

சுனாமிக்கு அடுத்த வருஷம் ஆவணி மாதத்தில், அப்படி ஒரு சுவரொட்டியால் என் அம்மா சாகப் போகிறாள் என்று ஒரு வாரம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. தம்பிக்கு நான்கு.

மரக்காணத்து உப்பளங்களுக்குப் போகிற மண்பாதையின் ஓரத்தில் எங்கள் வீடு இருந்தது. அப்பா அளத்தில் உப்பு வாரும் வேலைக்குப் போவார். வேலை முடிந்து வந்ததும் வீட்டைச் சுற்றியிருந்த முக்கால் ஏக்கரில் இறங்கிவிடுவார். உப்புக்காற்றைத் தாங்கி வளர்ந்த முருங்கையும் அகத்தியும், பத்துப் பதினைந்து கோழிகளும், ஆறு ஆடுகளும் அதில்தான் இருந்தன. கடையில் அரிசி, மண்ணெண்ணெய், தீப்பெட்டி இவற்றைத் தவிர வேறு எது வாங்கினாலும் அப்பாவுக்கு முகம் சுருங்கும். வளர்த்த உயிரைக் கொன்றால் அதில் எதையும் வீசக்கூடாது என்பது அவருடைய சட்டம். கோழி அறுத்தால் கால்கள்கூட ரசத்தில் மிதக்கும். தட்டில் கோழிக்கால் நகத்தோடு எழுந்து நிற்பதைப் பார்த்துத் தம்பி அழுவான். அப்பா அதை எடுத்து அவரே கடித்துத் தின்றுவிட்டு, “போச்சு பாரு, இனிமே உன்ன கீறாது” என்பார்.

அந்த ஆவணியில் அம்மா பத்து நாளாகப் படுத்திருந்தாள். மூன்று மாதக் கரு கலைந்திருந்தது. ஆனால் எங்களுக்குக் காய்ச்சல் என்றுதான் சொல்லியிருந்தார்கள். காய்ச்சல் என்றால் நெற்றி சுட வேண்டும். நான் எப்போது தொட்டுப் பார்த்தாலும் அம்மாவின் நெற்றி ஜில்லென்று இருந்தது. இப்படி ஒரு காய்ச்சலை நான் கேள்விப்பட்டதே இல்லை. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று அந்த ஜில்லிப்பு என் உள்ளங்கைக்கு வரும். கையைப் பாவாடையில் துடைத்துக்கொள்வேன்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, சனிக்கிழமை பஸ் ஏறி வந்து சேர்ந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் அம்மாவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். நகத்தை அழுத்திப் பார்த்தாள்.

“இன்னாடா இது, சுண்ணாம்பு அடிச்சாப்புல வெளுத்துக் கெடக்குறா? ஒடம்புல சொட்டு ரத்தம் இல்ல. நாளைக்கு அந்த செவலக் கிடாவ அறுத்துடு.”

“அது எல்லையம்மனுக்கு நேர்ந்து விட்டதுக்கா” என்றார் அப்பா.

“அவளும் பொம்பளதான்டா. இதுக்குப் போயி கோச்சிக்குவாளா?”

அம்மா சுவரைப் பார்த்துப் படுத்தபடியே, “வேணாம் அண்ணி. எனக்கு ஒண்ணும் இல்ல. எல்லாம் நின்னுடுச்சி. ரெண்டு நாள்ல எழுந்துடுவேன்” என்றாள். எது நின்றது என்று எனக்கு விளங்கவில்லை. நின்றது நல்லதுதான் என்பதுபோல அத்தை தலையை ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிடாவைப் பூவரச மரத்தடிக்குக் கொண்டுவந்தார்கள். எனக்கும் அதற்கும் பெரிய சிநேகம் எதுவும் கிடையாது. புத்தகப் பையோடு குனிந்தால் பின்னாலிருந்து முட்டும். என்றாலும் அம்மனுடைய ஆட்டை அம்மாவுக்காக எடுப்பது எனக்குப் பயமாக இருந்தது. அப்பா அதன் தலையில் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருந்தார். அது உடம்பைச் சிலிர்த்தால் அம்மன் சம்மதித்ததாக அர்த்தம். கிடா சிலிர்க்கவில்லை. எங்களைப் பார்த்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. இரண்டாம் முறை தெளித்தார். அப்போதும் இல்லை. அத்தை சொம்பை அவர் கையிலிருந்து பிடுங்கி மொத்தத் தண்ணீரையும் முதுகில் கவிழ்த்தாள். கிடா உதறிக்கொண்டது.

“ஒத்துக்கிட்டா. ஆவட்டும்” என்றாள் அத்தை.

இப்படி வாங்கிய சம்மதம் செல்லுமா என்று யாரிடமாவது கேட்க வேண்டும்போல இருந்தது.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. உப்புப் போட்ட சட்டியில் ரத்தத்தைப் பிடித்தார்கள். மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டு அப்பா தோலை உரித்தார். வயிற்றைத் திறந்தபோது ஆவி பறந்தது. ஈரல், இதயம், நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாக எடுத்து அத்தை ஏந்திய தாம்பாளத்தில் வைத்தார். குடலிலிருந்த சாணம் முருங்கைக்கு அடியில் போனது. தோலுக்கு உள்பக்கமாக உப்புத் தடவி விரித்தார். எது இன்றைக்கு, எது நாளைக்கு என்பதெல்லாம் அவர் மனதில் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. ரத்தமும் குடலும் ஈரலும் அன்றே சமைக்க வேண்டும். தலையும் கால்களும் மறுநாளைக்கு. நெஞ்செலும்பு அம்மாவின் சூப்புக்கு. தொடைக் கறி முழுவதையும் கீறி, அளத்து உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் காயவைத்தால் உப்புக்கண்டம். மழைக்காலத்தில் அளம் மூடிக்கிடக்கும் நாட்களுக்கு அது ஆகும்.

அத்தை குடலை ஒரு குச்சியில் மாட்டி உள்வெளியாகத் திருப்ப, நான் சொம்பில் தண்ணீர் ஊற்றினேன். காலையிலிருந்து எனக்கு யாரும் எதுவும் தரவில்லை. தம்பிக்கு மட்டும் பழைய சோறு கிடைத்தது. பத்து மணி வாக்கில் அத்தை அடுப்பிலிருந்து தணலை இழுத்துப் பரப்பி, சுவரொட்டியைக் கம்பியில் குத்தி அதன்மேல் பிடித்தாள். அது சுருண்டு, சீறி, ஓரத்தில் கறுத்தது. உப்பும் மிளகும் தூவி ஓர் எவர்சில்வர் தட்டில் வைத்து என் கையில் கொடுத்தாள்.

“உங்கம்மாவுக்கு மட்டும். சூடு ஆறாம துன்னச் சொல்லு. இதுலதான் உசுரே இருக்குது, தெரியுதா?”

தெரிந்தது. தட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். பாயில் அம்மா இல்லை.

பின்பக்கக் கதவு திறந்திருந்தது. துணி துவைக்கும் கல்லருகே அம்மா குந்தியிருந்தாள். ஒரு பழைய புடவைத் துணியை அலசிக்கொண்டிருந்தாள். கல்லிலிருந்து வழிந்த தண்ணீர் சிவப்பாக ஓடியது. என்னைப் பார்த்ததும் துணியைச் சுருட்டிக் காலுக்குப் பின்னால் தள்ளினாள்.

“இன்னாம்மா ரத்தம்?” என்றேன்.

அம்மா என்னையும் தட்டையும் பார்த்தாள். “ஆட்டு ரத்தம்டி. கறி தொடச்ச துணி” என்றாள். பிறகு, “நான் எழுந்து வந்தேன்னு அத்தகிட்ட சொல்லாத. திட்டுவாங்க. அப்பாகிட்டயும் சொல்லாத” என்றாள். அவள் மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது.

அன்றைக்கு எங்கு பார்த்தாலும் ஆட்டு ரத்தம்தான். என் பாவாடையில்கூட இருந்தது. அதனால் மேற்கொண்டு நினைக்க எனக்கு ஒன்றுமில்லை. “இத துன்னணுமாம், சூடு ஆறிடும்மா” என்றேன். “பாய்கிட்ட வெச்சிட்டுப் போ, வர்றேன்” என்றாள்.

வைத்தேன். போகவில்லை. யாராவது, பூனையாவது, தூக்கிக்கொண்டு போய்விடக்கூடாதே என்று தட்டுக்குக் காவலாக உட்கார்ந்தேன். கெட்ட எண்ணம் எதுவும் அப்போது இல்லை என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் செய்ய முடியும். அதன் வாசனை இப்படி, அப்படி என்றில்லாமல் நேராக வயிற்றுக்குள் வந்தது. ஓரத்தில் கருகியிருந்த ஒரு துணுக்கை மட்டும் கிள்ளி வாயில் போட்டேன். கருகினதை அம்மா எப்படியும் சாப்பிடமாட்டாள். பிறகு கிள்ளின இடம் தெரியாமல் இருக்க, மறுபக்கத்திலும் கொஞ்சம் கிள்ளிச் சமன் செய்தேன். சமன் செய்யச் செய்ய அது சிறுத்துக்கொண்டே போனது. கடைசியில் ஒரு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிடந்தது. அதை அப்படியே வைத்தால் மாட்டிக்கொள்வேன் என்று பட்டது. அதையும் தின்றேன்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தட்டைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. சற்று நேரத்தில் அத்தை எட்டிப் பார்த்தாள். “துன்னுட்டியா?” என்றாள். “ம்” என்றாள் அம்மா. அத்தை திருப்தியோடு காலித் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அப்போதுதான் எனக்கு நான் செய்தது உறைத்தது. அத்தை சொன்ன உயிர் இப்போது என் வயிற்றில் இருந்தது.

மத்தியானம் ரத்தப் பொரியலும் குடல் குழம்பும். அம்மா இரண்டு வாய் தின்றுவிட்டுப் போதும் என்றாள். என் பங்கு ஈரலை யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டுபோய் அவள் தட்டில் வைத்தேன். “நீ துன்னு பாப்பா” என்று திருப்பி என் வாயிலேயே ஊட்டினாள். அம்மாவுடைய நகங்களைப் பார்த்துக்கொண்டே மென்றேன். அவை வெள்ளையாகவே இருந்தன.

சாயங்காலம் கறியைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் போனேன்.

“அப்பா, ஒரு ஆட்டுக்கு எத்தன சுவரொட்டி இருக்கும்?”

“உனக்கு எத்தன மண்ட இருக்குது?”

“ஒண்ணு.”

“அதுக்கும் ஒண்ணுதான்.”

“இன்னொரு ஆட்ட அறுக்கலாமாப்பா?”

அப்பா கோணி ஊசியை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏன், இது பத்தலியா உனக்கு? எம்மாந்தீனிடி துன்னுவ!” என்று சிரித்தார். அந்தப் பத்து நாளில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை என்னைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. உப்புக்கண்டத்துக்குக் காக்கை ஓட்ட ஆள் வேண்டும். அப்பா அளத்துக்குப் போய்விட்டார். மழைக்கு முன் இன்னும் இரண்டு மாத உப்புதான் பாக்கி, ஒரு நாள் விட்டாலும் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவார். அத்தை முற்றத்தில் ஆட்டுத் தலையைத் தீயில் பொசுக்கிக் கத்தியால் மயிரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அடுப்பில் கால்கள் வெந்துகொண்டிருந்தன. நான் கையில் கழியோடு கயிற்றுக்கடியில் உட்கார்ந்து, காக்கையைப் பார்க்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உச்சி வேளையில் அம்மா வெளியே வந்தாள். வாசற்படியில் கை வைத்து நின்று, “கொஞ்சம் தண்ணி குடுடி” என்றாள். நான் எழுந்தேன். அதற்குள் அவள் முட்டி மடங்கி, பக்கவாட்டில் சரிந்து, மெதுவாக, யாரோ படுக்கவைப்பதுபோலத் தரையில் விழுந்தாள்.

அத்தை ஓடிவந்து அவளைப் புரட்டினாள். அம்மாவின் புடவை பின்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. அத்தை தலையில் அடித்துக்கொண்டாள்.

“நின்னுடுச்சின்னு சொன்னியேடி பாவி! எங்கிட்டயே பொய் சொன்னியே! ஏ குட்டி, ஓடு, உங்கப்பனக் கூட்டியா!”

ஓடினேன். பாத்திகளுக்கு நடுவே ஒற்றையடி வரப்பில் ஓடினேன். இரண்டு பக்கமும் வெள்ளை. வெயில் உப்பின்மேல் பட்டுக் கண்ணைக் குத்தியது. செருப்பில்லாத காலில் உப்புக் கல் அறுத்தது. போய்ச் சேர்ந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று ஓட ஓட முடிவு செய்தேன். சுவரொட்டியை நான்தான் தின்றேன், அம்மா தின்னவில்லை, டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள் என்று. வார்த்தைகளை வரிசையாகக்கூட அடுக்கிவிட்டேன். தூரத்தில் அப்பா குனிந்து பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தார். எதிரில் போய் நின்றதும், “அம்மா வுழுந்துட்டாங்க” என்பது மட்டும்தான் வந்தது.

அப்பா பலகையைப் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

உப்பு ஏற்ற வந்திருந்த லாரியின் முன்சீட்டில் அம்மாவை ஏற்றினார்கள். அப்பா அவளை மடியில் கிடத்திக்கொண்டார். லாரி பாதி பாரத்தோடு, பின்னால் உப்பைச் சிந்திக்கொண்டே, மெயின் ரோட்டை நோக்கிப் போய்ப் புதுச்சேரிப் பக்கம் திரும்பியது. தம்பி அதைப் பார்த்துக் கைதட்டினான். அவனுக்கு லாரி பிடிக்கும்.

அத்தை எங்களோடு இருந்துவிட்டாள். அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அறுத்துவிட்ட ஆட்டுக்கு எங்கள் கவலை தெரியாது, விட்டால் கெட்டுப்போகும். அன்றிரவு கால் சூப், மறுநாள் தலைக்கறி, அதற்கடுத்த நாள் எலும்புக் குழம்பு என்று, அம்மா இல்லாத வீட்டில், அம்மாவுக்காக அறுத்த ஆட்டை நாங்கள் தின்றுகொண்டிருந்தோம். உண்மையில் தம்பிதான் தின்றான். அத்தை அவனுக்கு மூளையை முட்டை போட்டு வதக்கிக் கொடுத்தாள், நாக்கைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுத்தாள். நான் தண்ணீர் ஊற்றிய சோற்றையும் ஊறுகாயையும் தவிர எதையும் தொடவில்லை. அந்த ஆட்டில் இனி ஒரு துண்டு என் வாயில் பட்டாலும் அம்மா திரும்ப மாட்டாள் என்று நானே முடிவு செய்துகொண்டிருந்தேன்.

“ஆட்டு மேல அவ்ளோ பாசமாடி உனக்கு?” என்றாள் அத்தை. அவள் குரலில் பரிவு இருந்தது. அதைக் கேட்டதும் எனக்கு அழுகை முட்டியது. அதைக் கண்டு அவள் தன் கணிப்பு சரிதான் என்று எடுத்துக்கொண்டாள்.

மெயின் ரோட்டு மளிகைக்கடைக்கு அப்பா போன் செய்வார். கடைக்காரர் சைக்கிளில் வந்து சேதி சொல்வார். முதல் நாள், “சேர்த்துட்டாங்களாம்.” இரண்டாம் நாள் சைக்கிள் வரவில்லை. அன்று முழுவதும் கழியோடு கயிற்றுக்கடியில் உட்கார்ந்து பாதையையே பார்த்தேன். இரண்டு காக்கைகள் வந்து ஒரு துண்டை இழுத்துக்கொண்டு போனதுகூடத் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில் மணி அடித்துக்கொண்டே வந்தார். “வவுத்த கிளீன் பண்ணி, மூணு பாட்டில் ரத்தம் ஏத்தினாங்களாம். கண்ணத் தொறந்து பேசினாங்களாம்.”

மூன்று பாட்டில். ஒரு சுவரொட்டி போனதற்கு மூன்று பாட்டில் ரத்தம் தேவைப்பட்டிருக்கிறது. நான் செய்த கெடுதியின் அளவு இப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. யாரோ முகம் தெரியாத மூன்று பேர் எனக்காகத் தங்கள் ரத்தத்தைக் கொடுத்திருக்கிறார்கள். சாமி படத்துக்கு முன்னால் அத்தை கற்பூரம் ஏற்றினாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவே கூசினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா பஸ்ஸில் வந்து இறங்கினாள். நடக்கும்போது அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகம் சிறுத்துக் கண்கள் மட்டும் பெரிசாகத் தெரிந்தன. நான் முதலில் நகத்தைப் பார்த்தேன். லேசாகச் சிவந்திருந்தது.

நான்கைந்து நாள் கழித்து அத்தை ஊருக்குப் போனாள். அன்றைக்கு அம்மா முதன்முறையாக அடுப்படியில் உட்கார்ந்தாள். கயிற்றில் மிச்சமிருந்த உப்புக்கண்டத்தில் ஒரு கைப்பிடி எடுத்து, கல்லில் தட்டி, எண்ணெயில் போட்டாள். தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அப்பா அளத்திலிருந்து வரவில்லை. பொரிந்த ஒரு துண்டை ஊதி என்னிடம் நீட்டினாள்.

“வேணாம்மா.”

“அத்த சொன்னாங்க, நீ கறியே துன்னலன்னு. ஏன்?”

சொல்லாமல் இருக்க இனி என்னால் முடியவில்லை. “சுவரொட்டிய நான்தாம்மா துன்னுட்டேன். அதனாலதான் நீ வுழுந்துட்ட” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் விக்கல் வந்துவிட்டது.

எண்ணெய் புகைந்தது. அம்மா சட்டியை இறக்கி வைத்தாள்.

“நல்லா இருந்துச்சா?”

அது திட்டுவதற்கு முன் கேட்கிற கேள்வியாகப் பட்டது. “கடைசித் துண்டு கசந்துச்சு” என்றேன்.

அம்மா சிரித்தாள். சிரித்தபடி என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். “உன் ஒதட்டுல மொளகு ஒட்டிக்கினு இருந்துச்சே. நான் பாக்கலன்னு நெனச்சியா? எனக்கு வாயே ஒத்துக்கல. புள்ளயாவது துன்னுச்சேன்னு இருந்துட்டேன்.” அவள் வயிறு குலுங்கியது. இன்னும் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு என் கழுத்தில் சூடாக ஏதோ விழுந்தது.

“நீ ஒண்ணும் பண்ணல பாப்பா. அன்னிக்கு கல்லுகிட்ட வந்து நீ கேட்ட. இன்னா ரத்தம்னு கேட்ட. நான்தான் உன் வாய அடச்சிட்டேன்.”

நான் அழுகையை நிறுத்திவிட்டு யோசித்தேன். சுவரொட்டிக்கும் அந்தக் கல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஏற்றிய ரத்தம் அம்மாவுக்கு இன்னும் சரியாகச் சேரவில்லை போலிருக்கிறது, அதனால்தான் ஒன்றைப் பேசும்போது இன்னொன்றைச் சொல்கிறாள் என்று தோன்றியது. அவளுக்கு எப்படியாவது ஆறுதல் சொல்ல வேண்டும்.

“அது ஆட்டு ரத்தம்தானம்மா. அதுக்கு ஏன் அழற?” என்றேன்.

அம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். “ஆமாண்டி, ஆட்டு ரத்தம்தான்” என்று சொல்லி, ஆறிப்போயிருந்த துண்டை எடுத்து என் வாயில் வைத்தாள். உப்பு சற்றுத் தூக்கலாக இருந்தது. பத்து நாள் பசியோடு நான் அதை மென்று தின்றேன்.